பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார்

"மாப்ள, பின்னால யாரோ கூவுதாவ" என்றாள் மாமியார் சுடலைவடிவு.

இசக்கிமுருகனுக்கும் கேட்டது. வீரவநல்லூரில் மாமியார் வீட்டுத் தெரு மெயின் ரோட்டில் சேரும் முனை அது. முறைப்படி வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு சைக்கிளுக்கும் சில ஆடுகளுக்கும் வழிவிட்டு, இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்தச் சத்தம். போலீஸ் சைரன். ஒருமுறை கூவி, மூச்சு வாங்கி, மறுபடி கூவியது.

கண்ணாடியில் பார்த்தான். பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார். மேலே விளக்கு இல்லை, பக்கத்தில் எழுத்து இல்லை. உள்ளே இரண்டு ஆண்கள். ஓட்டுகிறவர் தடியாக, முடியை ஒட்ட வெட்டி, பெரிய மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார்.

"போலீஸ் வண்டி மாதிரி தெரியலையே" என்றாள் பின்சீட்டில் குழந்தையோடு இருந்த மனைவி தேன்மொழி.

"அப்படித்தான் இருக்கும். சாதா வண்டியில, சாதா சட்டையில வருவாவ. மப்டி."

வண்டி திரும்பி நேரானதும் சத்தம் நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றிருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வீரிட்டுக்கொண்டிருந்த குழந்தை, சைரனைக் கேட்டதும் அழுகையை மறந்து வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன தப்பு பண்ணுனீங்க?" என்று கேட்டாள் தேன்மொழி.

அதைத்தான் இசக்கிமுருகனும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். சீட் பெல்ட் போட்டிருக்கிறான். வேகமாகப் போகவில்லை, மாட்டுவண்டிகூட முந்திவிடும் போலிருந்தது. லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு குறையும் தென்படவில்லை. அதுவே அவனைக் கலக்கியது. தெரிந்த தப்பென்றால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். தெரியாத தப்புக்கு என்ன செய்வது?

ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று தட்டுப்பட்டது. வண்டி அவனுடையதல்ல.

இசக்கிமுருகன் பேட்டையில் பீர் மைதீன் பாயின் கார் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். எந்த போல்ட் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அந்த போல்ட் காருக்குள் எங்கே போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. பாயின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்காமல் சொந்தக்காரரிடம் கொடுக்கமாட்டார். அதற்கு 'ஓட்டம்' என்று பெயர். கடையில் வேலை பார்க்கிற எல்லோருடைய காதுகுத்தும் கல்யாணமும் ஆஸ்பத்திரியும் இந்த ஓட்டத்தில்தான் நடந்து முடிந்திருந்தன. பெயிண்டர் தன் நிச்சயதார்த்தத்துக்கே ஒரு டாக்டரின் காரில் போய்விட்டு வந்து, "இழுவை நல்லா இருக்கு பாய்" என்று சொன்னான்.

நேற்று மாலை, ஒயரிங் வேலை பார்க்கும் மகாராஜன் முடித்துவைத்த வெள்ளைக் கார் ஒன்று நின்றது. "புள்ளைய அழைக்கத்தானே? எடுத்துட்டுப் போ. பைய ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தார் பாய். யாருடைய வண்டி என்று இசக்கிமுருகன் கேட்கவில்லை. தெரிந்தால் பயம் வரும். காலையில் கடையிலிருந்தே நேராக எடுத்து வரும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிரம்பு உருண்டு வந்தது. சொந்தக்காரர் யாரோ வாத்தியாராக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டான்.

மாமியாரிடம் மட்டும், "கடையில எனக்குன்னு குடுத்திருக்க வண்டி அத்த" என்று சொல்லிவிட்டான். சும்மா சொன்னதுதான். அதற்குள் சுடலைவடிவு தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சட்டப்படி அது பொய்யல்ல, பெருமை. ஆனால் போலீஸ் கேட்டால் பெருமையும் பொய்யும் ஒன்றாகிவிடும்.

"ராகுகாலத்துக்கு முந்தி வாசப்படி மிதிக்கணும் மாப்ள" என்று சுடலைவடிவு ஞாபகப்படுத்தினாள். "இன்னைக்குப் புதன். பன்னெண்டு மணி தாண்டிட்டுன்னா புள்ளைய எறக்கமாட்டேன். வண்டிய வீரவநல்லூருக்கே திருப்பிருங்க. அடுத்த நல்ல நாளு அடுத்த மாசந்தான் வருது."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. போன மாதமே குழந்தையை அழைத்து வந்திருக்க வேண்டியது. கிளம்புகிற நேரத்தில் பூனை குறுக்கே போய்விட்டது என்று ரத்து செய்தவள். ஐந்து மாதமாக இசக்கிமுருகன் தனியாகக் கிடக்கிறான். வீட்டில் தொட்டில் கட்டி, அது தாங்குமா என்று அரிசிப் பையை வைத்து ஆட்டிப் பார்த்து, கயிறு சரியில்லையோ என்று அவிழ்த்து மறுபடி கட்டி, மறுபடி அரிசியை ஆட்டி, தினமும் அரிசிக்குத்தான் தாலாட்டு நடந்துகொண்டிருந்தது.

பேன்ட் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுப்பது தப்பு. அதுவும் பின்னால் போலீஸ் வரும்போது.

"நிப்பாட்டிருங்க" என்றாள் தேன்மொழி. "நிப்பாட்டலன்னா தப்பிச்சு ஓடுதோம்னு நெனப்பாவ."

அவள் சொன்னது சரியாகப் பட்டது. வாழைத் தோட்டத்தை ஒட்டி ஓர் இடம் பார்த்து, முறைப்படி இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டத் தொடங்கினான். உடனே சைரன் அலறியது.

"அதான் நிப்பாட்டுதேன்லா! அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று முனகிக்கொண்டே நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தான். சத்தம் அடங்கியது. சாம்பல் நிறக் காரும் கொஞ்சம் தள்ளி, பின்னால் வந்து நின்றது.

யாரும் இறங்கவில்லை. வாழை இலை மட்டும் அசைந்தது.

"ஏன் எறங்கல?" என்றாள் தேன்மொழி.

"அவிய எப்படி எறங்குவாவ? நாமதான் போய்ப் பாக்கணும்" என்றாள் சுடலைவடிவு. மடியில் வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள். "வெறுங்கைய வீசிட்டுப் போகாதீங்க. முறுக்கு இருக்கு."

வண்டியின் பேப்பர்களைத் தேடி டேஷ்போர்டைத் திறந்தான். ஒரு சீப்பு, ஒரு துண்டு. வேறு எதுவும் இல்லை. லைசென்ஸை ஒரு கையிலும் முறுக்கு டப்பாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் வருவதைப் பார்த்ததுமே சாம்பல் நிறக் காரின் கண்ணாடி தானாக இறங்கியது.

"வணக்கம் சார்" என்றான் இசக்கிமுருகன்.

"வணக்கம் சார்" என்று அதே நேரத்தில் உள்ளிருந்து தடித்தவரும் சொன்னார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"தப்புதான் சார்."

"ஐயோ, நீங்க ஏன் சார் அப்படிச் சொல்லுதீங்க? தப்பு எங்க மேலதான்."

மக்களிடம் பணிவாகப் பேச வேண்டும் என்று புதிதாக ஏதாவது உத்தரவு வந்திருக்குமோ? வந்தாலும் இவ்வளவு பணிவா?

"வண்டி பேப்பர் எதுவும் கையில இல்ல சார்" என்றான். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது.

"எங்கிட்டயும் இல்ல சார்" என்றார் தடித்தவர் தலையைக் குனிந்தபடி.

கிண்டல் செய்கிறார். இசக்கிமுருகன் பார்வையைப் பின்சீட்டுப் பக்கம் திருப்பினான். அங்கே ஒரு வலைப் பைக்குள் நாலைந்து கால்பந்துகள் கிடந்தன.

தடித்தவர் அதைக் கவனித்துவிட்டார். "பேரு கிங்ஸ்லி சார். பாளையங்கோட்டையில பி.டி. மாஸ்டரா இருக்கேன். இவரு நம்ம சித்தப்பா, ஊரு வீரவநல்லூர். இவரக் கூட்டிக்கிட்டு பேட்டையில ஒரு பொண்ணு பாக்கப் போறோம். ஸ்கூல்ல பல்வலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வெளிய தெரிஞ்சா வேலையே போயிரும் சார்."

மாறுவேடத்துக்கு எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று வியந்தான் இசக்கிமுருகன். விசில், பந்து, பல்வலி, சித்தப்பா! எதையோ ரகசியமாகத் துப்பு துலக்குகிறார்கள். வேடத்தைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்றுதான் இவ்வளவு பூடகமாகச் சொல்கிறார்.

"நான் யாருட்டயும் மூச்சு விடமாட்டேன் சார்" என்றான் உறுதியாக. "உங்கள நான் பாக்கவே இல்ல."

கிங்ஸ்லியின் கண் கலங்கிவிட்டது. "சார், நீங்க தெய்வம்."

என்ன செய்வதென்று தெரியாமல் இசக்கிமுருகன் முறுக்கு டப்பாவை நீட்டினான். "வீட்டுல செஞ்சது சார். வச்சுக்கிடுங்க."

கிங்ஸ்லி டப்பாவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார்.

"வாங்கிருடே" என்று சித்தப்பா உதடு அசையாமல் சொன்னார். "வாங்கலைன்னா கோவம் வந்துரப் போவுது."

டப்பாவை வாங்கிக்கொண்டு, கிங்ஸ்லி சீட்டுக்கு அடியில் துழாவி ஓர் ஓலைப் பொட்டியை எடுத்தார். "உடன்குடி கருப்பட்டி சார். பொண்ணு வீட்டுக்குன்னு வாங்குனது. நீங்க வச்சுக்கிடுங்க."

போலீஸ் கையால் பொருள் வாங்குவதா? இதில் ஏதோ பொறி இருக்கிறது. வாங்கினால் ஒரு வழக்கு, வாங்காவிட்டால் ஒரு வழக்கு. எந்த வழக்குக்குத் தண்டனை குறைவு என்று தெரியாததால் வாங்கிக்கொண்டான்.

"போலாமா சார்?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"நீங்க முன்னால போங்க சார்" என்றான் இசக்கிமுருகன்.

"உங்களத் தாண்டி நாங்க போறதா? நல்லா இருக்கே! நீங்க போங்க சார், பின்னாலயே வாரோம்."

அந்தக் கடைசி வார்த்தையை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இசக்கிமுருகன் நடந்தான்.

அவன் வண்டியில் ஏறியதும், "என்ன சொன்னாவ?" என்றாள் சுடலைவடிவு.

"கருப்பட்டி குடுத்தாவ."

"போலீஸா?"

"ஆமா."

"நம்ம முறுக்கு?"

"வாங்கிக்கிட்டாவ."

"டப்பாவோடயா?" சுடலைவடிவு சீட்டில் முன்னால் நகர்ந்தாள். "அது எங்க அக்கா சீர்ல வந்த டப்பா மாப்ள. மூடியில பேரு வெட்டியிருக்கும்."

அவன் வண்டியை எடுத்தான். குழந்தை மறுபடி வீரிடத் தொடங்கியது. பையில் போன் மறுபடி அடித்தது. கண்ணாடியில் சாம்பல் நிறக் கார், மரியாதையான தூரத்தில், அவன் மெதுவாகப் போனால் மெதுவாகவும் கொஞ்சம் விரைந்தால் விரைந்தும் வந்துகொண்டே இருந்தது.

சேரன்மகாதேவியில் பஸ்ஸும் லாரியும் வைக்கோல் வண்டியுமாக ரோடு அடைத்துக்கிடந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது. பேட்டை ரோட்டுக்கு இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டதுதான் தாமதம், சைரன் பிளிறியது. அவ்வளவுதான். பஸ் பின்னால் நகர்ந்தது. லாரி ஓரம் போனது. வைக்கோல் வண்டி மாடே தானாக விலகியது போலிருந்தது. நடுரோட்டில் நின்ற போக்குவரத்துக் காவலர் ஓடிவந்து ஒரு ஆட்டோவைத் தட்டி விரட்டி, வழியை அகலமாகத் திறந்து, விறைத்து நின்று சல்யூட் அடித்தார். இசக்கிமுருகன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் தலையால் கும்பிட்டான்.

"சலாம் ஒங்களுக்கா மாப்ள?"

"பின்னால வாரவங்களுக்கு அத்த."

குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

"நமக்கு வழிதான ஏற்படுத்திக் குடுக்காவ" என்றாள் தேன்மொழி. "நல்லவங்களாத்தான் தெரியுதாவ."

"என்ன நல்லவங்க?" என்றாள் சுடலைவடிவு. "வீடு வரைக்கும் வந்துருவாவ போலருக்கு. புள்ள மொத மொத வாசப்படி ஏறும்போது வாசல்ல போலீஸ் நிக்கதா? நல்லாச் சொன்ன. அப்படி மட்டும் வந்தாவன்னா நான் எறங்கமாட்டேன் மாப்ள. புள்ளையும் எறங்காது. இப்பமே சொல்லிட்டேன்."

தொட்டிலில் ஆடிக்கொண்டிருக்கும் அரிசிப் பை இசக்கிமுருகன் கண் முன்னால் வந்தது. இன்னும் ஒரு மாதம் அரிசிக்குத் தாலாட்டு.

"ஒன்னு செய்யுங்க" என்றாள் தேன்மொழி. "வழியில ஒரு ஸ்டேஷன் இருக்குல்லா? நாமளே உள்ள போயிருவோம். என்ன தப்புன்னு நேரா கேட்டுட்டு, முடிச்சிட்டுப் போவோம்."

இசக்கிமுருகன் சாதகம், பாதகம் இரண்டையும் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தான். பாதகம்தான் நீளமாக இருந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. சாலையோரம் அந்தக் காவல் நிலையம் தென்பட்டதும், இண்டிகேட்டர் போட்டு, இடப்பக்கம் ஒடித்து, அலறும் சைரனோடு வளாகத்துக்குள் நுழைந்தான்.

கட்டடத்துக்குள்ளிருந்து காவலர்கள் தெறித்து வெளியே ஓடிவந்தார்கள். ஒருவர் தொப்பியைத் தேடிக்கொண்டு வந்தார். ஒருவர் டீ கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். வரிசையாக நின்று, பூட்ஸ் ஒலிக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் சல்யூட் அடித்தார்கள். வெயில் முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

இசக்கிமுருகன் வண்டியை அப்படியே நிறுத்தினான். இறங்கத் தைரியம் வரவில்லை.

அவன் பின்னாலேயே சாம்பல் நிறக் காரும் உள்ளே வந்து நின்றது. கிங்ஸ்லியும் சித்தப்பாவும் இறங்கினார்கள். கிங்ஸ்லி முறுக்கு டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, சல்யூட் வரிசையைத் தாண்டி, படியேறி, நிலையத்துக்குள் போய்விட்டார்கள்.

இசக்கிமுருகனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தேனு, இது அவங்க ஸ்டேஷன்!" என்றான். "வேலைக்கு வந்திருக்காவ! நம்மள ஒன்னும் தொரத்தல. ஒரே வழி, அவ்வளவுதான்!"

"அப்ப சலாம்?"

"பெரிய ஆபீசரு போல. பாத்தீங்களா, எப்படிக் கம்பீரமா உள்ள போறாருன்னு."

"எம்புட்டு அடக்கம்!" என்றாள் சுடலைவடிவு. பிறகு, "டப்பாவக் கேட்டு வாங்கிருவமா?" என்றாள்.

அவன் அதற்குள் ஒரு வட்டம் அடித்து வாசலுக்கு வந்துவிட்டான். அவசரத்தில், கார் ஓட்டக் கற்ற நாளிலிருந்து முதல்முறையாக, இண்டிகேட்டர் போடாமல் ரோட்டில் ஏறினான். ஏறிய பிறகுதான் உறைத்தது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். அந்த உண்மையான குற்றத்துக்கு யாரும் கூவவில்லை.

பேட்டையில் அவன் வீட்டுச் சந்து வலப்பக்கம். பயந்து பயந்து இண்டிகேட்டரைப் போட்டான். ஒரு சத்தமும் இல்லை. காக்கை கரைவதுகூடச் சங்கீதமாகக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தான். வெறும் ரோடு, ஒரு தண்ணீர் வண்டி, நல்ல வெயில். ஐந்து மாதமாக மார்பில் கிடந்த அரிசிப் பையை யாரோ இறக்கிவைத்தது போலிருந்தது.

ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஆரத்தி எடுத்தாள். தேன்மொழி வலது காலை எடுத்துவைத்தாள். சுடலைவடிவு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கிளம்பிய பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். தொட்டிலிலிருந்து அரிசிப் பை வெளியேறியது, பிள்ளை குடியேறியது. கயிறு தாங்கியது.

அடுக்களையில் சுடலைவடிவு அந்த ஓலைப் பொட்டியை அவிழ்த்துக் கருப்பட்டிக் காப்பி போட்டாள். "போலீஸ் குடுத்ததுன்னாலும் நல்ல சரக்குதான் மாப்ள" என்று ஒரு டம்ளரை நீட்டினாள். அவன் இரண்டு மடக்கு குடித்தான். அப்புறம்தான் போன் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் வரிசையாக மகாராஜன் பெயர். திரும்ப அடித்தான்.

"ஏலே, எத்தன தடவ அடிக்கது! எடுக்கமாட்டியா?" என்றான் மகாராஜன்.

"வண்டி ஓட்டிட்டிருந்தேன்லா. என்னலே, பாய் ஏசுதாரா?"

"அவரு ஏன் ஏசுதாரு? வண்டிக்காரரு சாயங்காலந்தான் வருவாராம். புள்ள வீட்டுக்கு வந்துட்டாளா?"

"வந்துட்டா. தூங்குதா."

"சந்தோசம்லே. பைய கொண்டா, ஒன்னும் அவசரம் இல்ல. ஒன்னே ஒன்னு சொல்லத்தான் காலையிலருந்து அடிக்கேன்: வழியில இடது பக்க இண்டிகேட்டர மட்டும் தொட்டுராத, அது மப்டி இன்ஸ்பெக்டர் வண்டி, சைரன் வயர நான் அதுல சேத்து முறுக்கிட்டேன்!"